சபுராளியின் தொப்பை: வெளிநாட்டு அறையிலிருந்தபடியே எடை குறைக்கும் முறை

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் துபாய்க்கோ சவுதிக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெரு கிடையாது. போனவர், அதாவது சபுராளி, முதல் லீவில் ஊர் வரும்போது பேன்ட் இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அந்த இரண்டு அங்குலம் பெரும்பாலும் மூன்று இடத்திலிருந்து வருகிறது: அறையில் எல்லோருக்குமாகக் கொதிக்கும் சட்டி, டீ கிளாஸ், ட்யூட்டி முடிந்து இரவு பதினொரு மணிக்குத் தின்றுவிட்டு அப்படியே சாய்வது. ஜிம்முக்குப் பணம் கட்டுவது நான்காவது வேலை. முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதில் தொடங்குகிறவர்கள்தான் இரண்டாம் மாதமே அலுத்துப்போய் நிறுத்துகிறார்கள்.

கீழே உள்ளது அறை எடுத்துக் கூட்டாகத் தங்கும் ஆண்களை மனதில் வைத்து எழுதியது. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கும் அளவுகள் இவையேதான், ஆள் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

விசாவுக்கு எடுக்கும் மெடிக்கலை நம்பி இருந்துவிடாதீர்கள். அது முக்கியமாகக் காசநோய், மஞ்சள் காமாலை மாதிரி தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது. உங்களுக்கு வேண்டியது வேறு: ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி), கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டுவது). சர்க்கரையும் அழுத்தமும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். மற்றதை ஒரு லேபில் எடுத்து, தாளைப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கணக்கு.

எடையைவிட இடுப்பளவு நிஜத்தைச் சொல்லும். தையல்காரர் டேப் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், காலையில் வெறும் வயிற்றில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை டேப்புக்கு மேலே தொங்கித் தப்பித்துக்கொள்ளும். நம் நாட்டவர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பதுதான் எல்லை. உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கிலும் நமக்கு 23-க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 25-க்கு மேல் பருமன். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது முறையே சுமார் 66 கிலோ, 72 கிலோ. 'எண்பது கிலோதானே, ஆள் பார்க்க நல்லாத்தான் இருக்கான்' என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்தில் 3,500, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இதைவிட வேகமாக இறக்கினால் தசையும் சேர்ந்து கரையும், பிறகு ஏறுவது கொழுப்பாக ஏறும்.

சட்டியில் தொடங்குங்கள்

எட்டுப் பேர் அறை என்று வைத்துக்கொள்வோம். சமையலுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மி.லி. எண்ணெய் தாராளம். எட்டுப் பேருக்கு 200 மி.லி. அப்படியானால் 5 லிட்டர் கேன் 25 நாள் வர வேண்டும். கேனைத் திறந்த தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று நாளில் தீர்ந்துபோனால், ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் தினம் 25 மி.லி. கூடுதலாகப் போகிறது. அது சுமார் 200 கலோரி. மாதத்தில் முக்கால் கிலோ கொழுப்புக்கு அது போதும், ஒரு பிடி சோறுகூட அதிகம் தின்னாமல். யார் சமைக்கும் முறையில் கேன் வேகமாக இறங்குகிறது என்பதும் இதில் தெரிந்துவிடும். அதைச் சண்டையாக்காமல் பேசிக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

எண்ணெயைக் கேனிலிருந்து நேரே சட்டியில் சாய்க்கக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி. எட்டுப் பேர் குழம்புக்கு மூன்று கரண்டி போதும். வெங்காயம் வதங்கவில்லை என்று எண்ணெயை மேலும் ஊற்றுகிறோம். உப்புப் போட்டு மூடி வைத்தால் வெங்காயம் தன் தண்ணீரிலேயே வதங்கும், ஒட்டினால் இரண்டு கரண்டி வெந்நீர் தெளிக்கலாம். புளி ஊற்றி வைக்கும் மீன் குழம்புக்குத் தேங்காய்ப்பால் பவுடர் கட்டாயம் இல்லை. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பாதிப் பாக்கெட். மீனைப் பொரிப்பதற்குப் பதில் தோசைக்கல்லில் துண்டுக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடி போட்டுச் சுட்டெடுங்கள். ஒரு பக்கம் முழுதாக வேகும் முன் திருப்பினால் கல்லில் பிடித்துக்கொள்ளும், பிடிக்கிறதே என்று மறுபடி எண்ணெய் விடுவீர்கள். ஃப்ரோசன் கோழியில் தோலையும் வால் பக்கத்து மஞ்சள் கொழுப்பையும் கழுவும்போதே உரித்து எறிந்துவிட வேண்டும், குழம்பில் கிடந்தால் யாராவது தின்பார்கள்.

அரிசிக்கு ரைஸ் குக்கரோடு வரும் கப்பே அளவு. அதில் 180 மி.லி. பிடிக்கும், அரிசி சுமார் 150 கிராம். கடையில் நிற்பவர், டிரைவர், ஆபீஸ் பையன் இவர்களுக்கு ஒரு வேளைக்கு அரைக் கப் அரிசி, வெந்தால் 200 கிராம் சோறு, ஏறக்குறைய 270 கலோரி. வெயிலில் கம்பி கட்டுகிறவர், மீன்பிடிப் படகில் வலை இழுக்கிறவர் பகலில் முக்கால் முதல் ஒரு கப் வரை தின்னலாம். இவர்கள் பகல் சோற்றைக் குறைத்தால் மாலையில் கை நடுங்கும், இரவில் இரண்டு மடங்கு தின்பார்கள். குறைக்க வேண்டியது இவர்களுக்கு இரவுச் சோறு.

எட்டுப் பேரில் ஏழு பேர் ஒப்புக்கொள்ளாவிட்டால்? உங்கள் பங்கை மட்டும் மாற்றுங்கள். குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியின் முதுகால் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து மீனை எடுங்கள். சோற்றை முதலில் உங்கள் சொந்தத் தட்டில் அளந்து வைத்துவிடுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) நாலு பேர் சேர்ந்து உட்காரும்போது எவ்வளவு தின்றோம் என்பது யாருக்குமே தெரியாது, தள்ளிவிட மறுபக்கத்திலிருந்து கையும் வரும். வெள்ளிக்கிழமை ஒரு வேளை சஹனில் உட்காருங்கள், மற்ற நாளில் தனித் தட்டு. இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், 'சுகர் பார்க்கச் சொல்லியிருக்காங்க' என்ற ஒரு வார்த்தை போதும்.

சிங்கப்பூரில் கேட்டரிங் பொட்டலம் வாங்குகிறவர்களுக்குச் சட்டி கையில் இல்லை. விடிகாலையில் கட்டிக் கொடுக்கும் பகல் சாப்பாட்டில் சோறு மலையாகவும் காய் ஓரமாகவும் இருக்கும். பொட்டலத்தைப் பிரித்தவுடனே மூன்றில் ஒரு பங்கு சோற்றை மூடியில் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள், பாதியில் ஒதுக்க முடியாது. இரண்டு அவித்த முட்டையும் ஒரு வெள்ளரியும் அறையிலிருந்து கொண்டுபோங்கள். வெயில் படும் இடத்தில் பல மணி நேரம் கிடந்த பொட்டலத்தைத் தின்று வயிற்றுப்போக்கில் இறங்கும் எடை எடையல்ல, தண்ணீர்.

டீயும் ஜூஸும்

கடையில் வாங்கும் கரக் டீயில் டின் பாலும் இரண்டு கரண்டிக்குக் குறையாத சர்க்கரையும் இருக்கும். ஒரு கிளாஸுக்கு 100 கலோரிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். நாலு கிளாஸ் குடித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூடுதலாகக் குடித்த கணக்கு, பசியோ அடங்காது. 330 மி.லி. கோலா கேனில் 35 கிராம் சர்க்கரை, ஏழு தேக்கரண்டி. வெயிலில் வந்தவுடன் ஒரு கேனைத் திறப்பது வளைகுடாவில் பழகிப்போன காரியம். எனர்ஜி டிரிங்கும் அதே வகைதான், கூடவே தூக்கத்தையும் கெடுக்கும்.

ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், வந்தால் மறுநாளே பழைய கணக்குக்குத் திரும்புவீர்கள். முதல் வாரம் இரண்டு கரண்டியை ஒன்றாக்குங்கள். இரண்டாம் வாரம் நாலு டீயை இரண்டாக்கி மற்ற இரண்டுக்குச் சர்க்கரையில்லாச் சுலைமானி (பால் சேர்க்காத டீ). மூன்றாம் வாரம் பால் டீ ஒன்று மட்டும், அதுவும் காலையில். மலேசியா, சிங்கப்பூரில் தே தாரிக் என்றால் கண்டென்ஸ்டு பால், 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் வரும். பழ ஜூஸ் உடம்புக்கு நல்லது என்று சமாதானம் சொல்லாதீர்கள். ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று நாலு பழம் பிழிகிறார்கள், மூன்று பழத்தை உரித்துத் தின்னச் சொன்னால் இரண்டாவதிலேயே நிறுத்திவிடுவீர்கள். மோர் வகையில் லபன் பரவாயில்லை: உப்பு, சர்க்கரை சேர்க்காத சாதா லபன் 200 மி.லி. புரதமும் தரும், வெயிலுக்கும் ஏற்றது. பழச்சுவை சேர்த்த லபனில் சர்க்கரை இருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

மீன் இருக்கும்போது பவுடர் எதற்கு

குறைத்த இடத்தில் புரதத்தைப் போடாவிட்டால் பசி விடாது. இருக்க வேண்டிய எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளுங்கள். 65 கிலோ இலக்கு என்றால் நாளுக்கு 80 முதல் 100 கிராம். இது பெரிய தொகையாகத் தோன்றும். கூட்டிப் பாருங்கள்: இரண்டு முட்டை 12, சுத்தம் செய்த மீன் 150 கிராம் சுமார் 30, தோலில்லாக் கோழி 150 கிராம் 30, ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை (உலர்ந்த நிலையில் 40 கிராம்) 8, பருப்பு 7, லபன் 6. மொத்தம் 93, சோற்றிலும் குப்பூஸிலும் (அரபு ரொட்டி) வருவது தனி.

கடலோரக்காரனுக்கு இதில் ஒரு வசதி உண்டு, மீனை எடைபோட்டு வாங்கத் தெரியும். வளைகுடாச் சந்தையில் பெயர்தான் வேறு. ஷேரி என்பது நம் விளைமீன் வகை, ஹமூர் கலவாய், சாஃபி நம் ஓரா, கனாத் வஞ்சிரம். விலை அதிகமான ஹமூரை விட்டுவிட்டு மத்தி, சிறு பாறை மீன் வாங்கினாலும் புரதம் குறைவதில்லை. மத்தியின் கொழுப்பு நல்ல கொழுப்பு, அதை எண்ணெயில் பொரித்தால் அந்த நன்மை குறைந்துவிடும். டின் டூனா வாங்கினால் எண்ணெயில் போட்டது வேண்டாம், தண்ணீரில் போட்டது வாங்குங்கள்.

கருவாடு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வரும் எந்தப் பார்சலிலும் அது இருக்கும். புரதம் நிறைய, உப்பு அதைவிட நிறைய. வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கழுவினால் உப்பு ஓரளவு இறங்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வாரம் ஒரு தடவைக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது. கருவாட்டுக் குழம்பு தின்ற மறுநாள் எடை மெஷினில் ஒரு கிலோ கூடக் காட்டலாம். அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர், இரண்டு நாளில் இறங்கும்.

ஒரு நாள் சாப்பாடு இப்படி அமையலாம். காலை இரண்டு முட்டை, ஒரு சிறிய குப்பூஸ், வெள்ளரி தக்காளி. பகல் அரைக் கப் அரிசிச் சோறு, மீன், பருப்பு ஒரு கரண்டி, தட்டின் பாதிக்குக் காய். மாலை ஐந்து மணிக்கு அவித்த கொண்டைக்கடலையும் சுலைமானியும். இந்த மாலைக் கடலையைத் தவறவிடாதீர்கள், இரவு அளவு மீறிப் போவதற்குக் காரணமே மாலையில் வயிறு காலியாக இருப்பதுதான். இரவு ஒரு குப்பூஸ், கோழி, சாலட். பெரிய குப்பூஸ் ஒன்று 80 முதல் 100 கிராம், 250 கலோரி அளவு. அது சோற்றைவிட லேசு என்று எண்ணி மூன்று நாலு தின்பதுதான் வழக்கமான தவறு. ட்யூட்டி இரவு பத்துக்கு முடிகிறது என்றால் இரவுச் சாப்பாட்டை வேலையிடத்திலேயே எட்டு மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள், அறைக்கு வந்து ஒரு கிளாஸ் லபன் போதும். வெளியே தின்ன நேர்ந்தால் பரோட்டாவுக்குப் பதில் சப்பாத்தி, பொரித்த கோழிக்குப் பதில் சுட்ட கோழி, மந்தி (அரபு இறைச்சிச் சோறு) என்றால் ஒரு தட்டை இருவர்.

நோன்பு மாதத்தில்

முப்பது நாள் நோன்பு இருந்தும் எடை கூடுவது பலருக்கும் நடப்பதுதான். நோன்பு திறந்தவுடன் சமோசா, வடை, ரூஹ் அஃப்ஸா சர்பத், பிறகு கஞ்சி, தராவீஹ் (நோன்பு மாத இரவுத் தொழுகை) முடிந்து பிரியாணி, சஹரில் (விடியும் முன் சாப்பிடும் வேளை) மறுபடி சோறு. மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியோடு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து மீனோ கோழியோ காயோடு முறையாகச் சாப்பிட்டுவிட்டால் தராவீஹுக்குப் பிறகு பசிக்காது. பொரித்தது நாளுக்கு ஒன்று என்று எண்ணி எடுங்கள். சஹரில் முட்டை, ஓட்ஸ், தயிர். வெறும் வெள்ளைச் சோறு பத்து மணிக்கே பசியைக் கிளப்பும். உடற்பயிற்சி தராவீஹுக்குப் பிறகு. திறப்பதற்கு முந்திய அரை மணியில் மெதுவாக நடக்க மட்டும் செய்யலாம்.

சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் போய் வேளையும் அளவும் மாற்றிக்கொள்ள வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையும் இன்சுலினும் சாப்பாடு குறைந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். நோன்பு இல்லாத நாளில் சாப்பாட்டைக் குறைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை அளவு 70-க்குக் (மி.கி./டெசி லிட்டர்) கீழே காட்டினால் நோன்பை விட்டுவிட்டு உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 300-க்கு மேல் போனாலும் நோன்பை விட வேண்டியதுதான்.

நடை, வெயில், தண்ணீர்

முதல் இரண்டு வாரம் தினம் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போய் 50 நிமிடத்தில் நிறுத்துங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் நடந்தால் கரைவது 250 கலோரியைச் சுற்றித்தான், இரண்டரை கிளாஸ் கரக் டீ. நடந்துவிட்டோம் என்ற தைரியத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால் நடந்த கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

சேஃப்டி ஷூவில் நடக்காதீர்கள், செருப்பிலும் வேண்டாம். குதிகால் வலி பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறது: காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும், நடக்க நடக்கக் குறையும். வந்துவிட்டால் ஒரு வாரம் நடையைப் பாதியாக்கி, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் அடியில் பத்து நிமிடம் உருட்டுங்கள், கெண்டைக்காலைச் சுவரில் ஊன்றி நீட்டுங்கள்.

கோடையில் நேரம் முக்கியம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை, சவுதியில் அதே தேதிகளில் 12 முதல் 3 வரை. அந்த இடைவேளை தூங்குவதற்கு. பயிற்சிக்கு ஃபஜ்ருக்குப் (விடியற்காலைத் தொழுகை) பிறகோ இஷாவுக்குப் (இரவுத் தொழுகை) பிறகோ போங்கள். அப்போதும் ஈரக் காற்று அடைத்துக்கொண்டிருந்தால், மே மாதத்து மண்டபம் கரையில் காற்று நின்றுபோன மாதிரி, வேர்வை உலராது, உடம்பு குளிராது. அன்றைக்கு ஏ.சி. உள்ள மாலுக்குள் நடப்பதோ மாடிப்படி ஏறுவதோ நல்லது. லீவு முடிந்து கோடையில் திரும்பியவர்களுக்கு உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும், முதல் சில நாளிலேயே பழைய வேகத்துக்குப் போகக் கூடாது.

வெயிலில் வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் (240 மி.லி.) என்று தாகம் வரும் முன்பே குடிக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரைக் குறைத்தால் எடை குறையும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வருவது சிறுநீரகக் கல். சிறுநீர் வெளிர் மஞ்சளில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகமாக வேர்த்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டிய தேக்கரண்டி அளவில் ஆறு சர்க்கரை, அரை உப்பு கரைத்துக் குடிக்கலாம். கூட நடப்பவர் உளறினாலோ, நிலை தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: அமீரகத்தில் 998, சவுதியில் 997.

இரண்டு கட்டிலுக்கு நடுவில் செய்யும் பயிற்சி

ஆறடிக்கு மூன்றடி இடம், ஒரு முதுகுப்பை, ஆறு ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டில் ஆறும் சேர்ந்தால் 9 கிலோ. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பஸ்கி 12. நாற்காலியைப் பின்னால் வைத்து, உட்காரும் நிலைக்குப் போய் அதைத் தொட்டவுடன் எழ வேண்டும். முட்டி உள்பக்கம் மடியக் கூடாது.

தண்டால் 8 முதல் 12. தரையில் முடியாவிட்டால் சுவரில் தொடங்குங்கள், பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை. இடுப்பு தொங்கினால் முதுகு பிடிக்கும்.

பை இழுத்தல் 12. முட்டியை லேசாக மடக்கி, முதுகு நேராக இருக்க இடுப்பில் குனிந்து, பையைத் தொப்புள் பக்கமாக இழுக்க வேண்டும். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்கு மற்ற எதையும்விட இது அவசியம்.

இடுப்புத் தூக்கல் 15. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பை உயர்த்தி மேலே இரண்டு விநாடி நிறுத்துதல்.

பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்குதல்) 20 விநாடி, வாரம் 5 விநாடி கூட்டலாம்.

இந்த ஐந்தும் ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு செய்யலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். எண்ணிக்கை மூன்று சுற்றிலும் எளிதாக வந்துவிட்டால் பையில் ஒரு பாட்டில் கூட்டுங்கள். கட்டில் கம்பியில் தொங்கி 'புல் அப்' எடுக்காதீர்கள், அடுக்குக் கட்டில்கள் மேலிருந்து வரும் எடைக்காகச் செய்தவை, பக்கவாட்டில் இழுத்தால் சாய்ந்துவிடும். அறையில் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர் இருந்தால் ஸ்கிப்பிங் கயிற்றையும் மறந்துவிடுங்கள். வயிற்றுப் பயிற்சி மட்டும் நூறு எடுத்தால் தொப்பை கரையும் என்பது நடக்காத காரியம். கொழுப்பு உடம்பு முழுக்கச் சேர்ந்துதான் குறையும்.

எடை நின்றுபோனால்

சில வாரங்கள் கழித்து எடை ஓரிடத்தில் நின்றுவிடலாம். மூன்று வாரம் எடையும் இடுப்பும் இரண்டும் அசையவில்லை என்றால்தான் அதை நின்றதாகக் கொள்ள வேண்டும், இடுப்பு இறங்கிக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். நின்றிருந்தால் முதலில் எண்ணெய்க் கேன் தேதியையும் அரிசிக் கப்பையும் மறுபடி பாருங்கள், அளவு சத்தமில்லாமல் ஏறியிருக்கும். அங்கே பிழை இல்லையென்றால் இரவுக் குப்பூஸைப் பாதியாக்கி, நடையில் பத்து நிமிடம் கூட்டுங்கள். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் சாப்பாட்டை மேலும் வெட்டாதீர்கள்.

கொழுப்புக் கரைக்கும் மாத்திரை, பெயர் தெரியாத 'ஹெர்பல்' காபி, ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசி எதையும் தொட வேண்டாம். இதயத்துக்கு ஆபத்து என்று பல நாடுகள் 2010-இல் நிறுத்திய சிபுட்ராமின் இப்படிப்பட்ட பொடிகளில் சொல்லாமல் கலந்து பிடிபட்டிருக்கிறது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, படுத்தால் மூச்சுத் திணறல் என்றால் கபீலிடம் (விசா கொடுத்த முதலாளி) லீவு கேட்கத் தயங்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

லீவில் ஊர் வரும்போது

இரண்டு மாத லீவில் நாலைந்து கிலோ ஏறுவது எளிது. விருந்தை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஒரு வேளை என்றால் அன்றைக்கு மற்ற இரண்டு வேளையும் மீன், முட்டை, காய் மட்டும். வட்டலப்பம், தொதல் கைப்பிடி அளவு. கருப்பட்டி போட்டது என்பதால் கணக்கில் வராது என்று எண்ண வேண்டாம், கலோரியில் கருப்பட்டிக்கும் சர்க்கரைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பதநீரும் இனிப்புத்தான். நுங்கு, தை மாதத்தில் கிடைக்கும் பனங்கிழங்கு இரண்டையும் தாராளமாகத் தின்னலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் பெரிய மீன் விலை ஏறும். நாட்டுப்படகில் வரும் சூடை, நெத்திலி அப்போது போதும்.

நடைக்கு விடிகாலைக் கடற்கரையைவிட நல்ல இடம் வேண்டாம், ஈர மணலில் வெறுங்காலோடு முதல் நாளே ஒரு மணி நேரம் போனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், 15 நிமிடத்தில் தொடங்குங்கள். நீந்துவதாக இருந்தால் காற்றைப் பார்த்து இறங்க வேண்டும்: கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது பெண்கடல் அமைதி, வாடை தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் கலங்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எந்தக் காற்றிலும் இறங்கக் கூடாது, இரு கடலும் சேரும் இடத்து நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

திரும்பும் பெட்டியில் குதிரைவாலி அரிசி, கொள்ளு, முருங்கைக்கீரைப் பொடி, மாற்று நடை ஷூ. மாத்திரை கொண்டுபோகிறவர்கள் மருத்துவர் சீட்டையும் அட்டைப்பெட்டியையும் சேர்த்தே வையுங்கள், வலி மாத்திரைகளில் சில வளைகுடாவில் கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. தொதலை அறைக்குப் போன அன்றே எட்டுப் பங்காக வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.